ஆலை மறைந்தது, இயந்திரம் மறையவில்லை

பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க விழையும் ஒருவர் வழமையாக மூன்று விடயங்களை விசாரிப்பார்: விலை யாது, எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை பேரிடம் கைமாறி வந்தது. அவ்வண்டியைச் செய்த கம்பனியே இன்று இல்லையெனின், நான்காவது வினா ஒன்று முன்னால் வந்து நின்றுவிடுகின்றது: உதிரிப்பாகம் கிடைக்குமா? கடைத்தெருவிலே கேட்கப்படும் சாதாரண வினா இது. எனினும் இதற்கு விடை தேடிப் புறப்படுபவர், தாம் அறியாமலே ஒரு கைத்தொழிலின் வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகின்றார். ஒரு பாகம் ஏன் கிடைக்கின்றது, மற்றொன்று ஏன் கிடைப்பதில்லை என்று விளக்கப் புகுந்தால், அதனை யார் செய்தார்கள், அச்சுகள் எங்கே போயின, அத்தொழிலறிவு எவருடைய கைகளிலே எஞ்சியது என்பனவற்றுக்கும் விடை கூறியாக வேண்டும். இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்காம் சிற்றாயுதக் கம்பனி என்பதன் சுருக்கம். 1861 இல் பேர்மிங்காம் நகரத் துப்பாக்கித் தொழில் வல்லோர் ஒன்றுகூடி அமைத்த நிறுவனம் அது. ஸ்மோல் ஹீத் என்னுமிடத்தில் எழுந்த ஆலை துப்பாக்கியிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து 1910 இல் மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் சின்னம் மட்டும் மாறவில்லை. இரண்டாம் உலக யுத்தத்திலே எம்20 என்னும் வண்டிகளில் ஏறத்தாழ 126,000 இவ்வாலையிலிருந்து படைகளுக்குச் சென்றன. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. 1940 நவம்பர் 19 ஆந் திகதி இரவு விழுந்த குண்டுகளுக்கு, வேலை செய்துகொண்டிருந்த 53 தொழிலாளர் பலியாயினர்.

யுத்தத்தின் பின்னர் 1948 இல் வெளிவந்ததே பன்ரம். 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு கொண்ட, ஒற்றைச் சிலிண்டர் உள்ள, எளிய இரண்டடி இயந்திரம். ஆலைக்குப் போகும் தொழிலாளியும், தந்தி சுமந்த தபாற் பையனும் ஏறிச் சென்ற வண்டி அது. ஆயின் அதன் அமைப்பு பேர்மிங்காமிலே பிறந்ததன்று. ஜேர்மனியின் சக்சனி மாநிலத்துச் சொப்பாவ் என்னும் ஊரில் டி.கே.டபிள்யூ. ஆலை உருவாக்கிய ஆர்.ரி. 125 என்னும் வண்டியின் வரைபடங்கள், தோற்ற நாடு செலுத்தவேண்டிய யுத்த ஈடாக வெற்றி பெற்றோர் கைக்குச் சென்றன. அதே வரைபடத்திலிருந்து சோவியத் நாட்டில் மொஸ்க்வா வண்டியும், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125 வண்டியும் பிறந்தன. 1955 இல் யமஹா செய்த முதல் வண்டியும் இதனையே பின்பற்றியது. இங்கிலாந்தினர் தம் வழக்கத்திற்கேற்ப அதனைக் கண்ணாடியிலே தெரியும் உருவம்போல் இடம் வலமாக மாற்றிக்கொண்டனர். ஒரு நாட்டுத் தொழிலறிஞனின் சிந்தனை நான்கு நாட்டு ஆலைகளில் உருப்பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. பல கைகளுக்குச் சென்ற அமைப்பு எளிதில் அழிவதில்லை. கட்டுரையின் பிற்பகுதியிலும் இதனையே காண்போம்.

1951 இல் ட்ரயம்ப் கம்பனியையும் பி.எஸ்.ஏ. வாங்கிக்கொண்டது. உலகிலே ஓடும் மோட்டார் சைக்கிள்களில் நான்கிலொன்று எமது வண்டி என்று அது விளம்பரஞ் செய்த காலம் அது. அவ்வாண்டிலேயே அக்கம்பனிக்குச் சொந்தமாயிருந்த டெய்ம்லர் நிறுவனம், தலைவர் சேர் பேர்னாட் டொக்கரின் மனைவியாருக்காக, குரோம் பூச வேண்டிய இடமெல்லாம் பொன் பூசிய கார் ஒன்றைச் செய்து இலண்டன் கண்காட்சியில் வைத்தது. 1956 இல் டொக்கர் பதவியிழந்தார். ஒரு மனிதரின் ஆடம்பரத்தால் மட்டும் ஒரு கைத்தொழில் வீழ்வதில்லை. எனினும் இலாபம் எங்கே செல்லும், ஆலையின் பழைய கடைசல் இயந்திரங்கள் எப்பொழுது மாற்றப்படும் என்று தீர்மானித்தவர்கள் எத்தகையோர் என்பதை அப்பொன் பூச்சு நன்கு காட்டுகின்றது.

எச்சரிக்கை கிடையாமலும் இருக்கவில்லை. ட்ரயம்பின் எட்வேர்ட் ரேணர் 1960 இல் யப்பான் சென்று ஹொண்டா, சுசுக்கி, யமஹா ஆலைகளைப் பார்வையிட்டு, அங்கு கண்ட உற்பத்தி வேகத்தை அறிக்கையாக எழுதினார். யப்பானியர் சிறு வண்டிகளின் சந்தைக்குள் நுழைந்தபோது, சிறு வண்டியில் இலாபம் குறைவு என்று இங்கிலாந்துக் கம்பனிகள் ஒதுங்கின. நடுத்தர வண்டிக்கு அவர்கள் வந்தபோது பெரிய வண்டிகளே போதும் என்றன. 1969 இல் ஹொண்டாவின் 750 வந்தபோது ஒதுங்குவதற்கு இடமே இருக்கவில்லை. குறுங்கால இலாபத்தை நோக்கி இவ்வாறு படிப்படியாகப் பின்வாங்கியதே வீழ்ச்சிக்குக் காரணம் என்று, பிரித்தானிய அரசாங்கத்துக்காக 1975 இல் எழுதப்பட்ட பொஸ்ரன் ஆலோசனைக் குழுவின் அறிக்கையும் கூறிற்று. முதலாளித்துவ ஆலோசகர்களே அளித்த சாட்சியம் அது.

1971 இல் ஸ்மோல் ஹீத் ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பன்ரமும் அவ்வாண்டோடு நின்றது. 1973 இல் அரசாங்கப் பணத்துடன் நோர்ட்டன் வில்லியர்ஸ் ட்ரயம்ப் என்னும் புதுக் கம்பனி அமைந்தது. அது மெரிடன் ஊரிலிருந்த ட்ரயம்ப் ஆலையை மூடப்போவதாக அறிவித்ததும், தொழிலாளர் ஆலைக்குள்ளே அமர்ந்து வாயிலை அடைத்தனர். ஒன்றரை ஆண்டுகள் நீடித்த அப்போராட்டத்தின் முடிவில், அமைச்சர் ரொனி பென்னின் ஆதரவுடன் அரசாங்கக் கடன் பெற்று, 1975 இல் அவ்வாலை தொழிலாளர் கூட்டுறவாயிற்று. அனைவருக்கும் சம ஊதியம். பழைய இயந்திரங்கள், பழைய வடிவமைப்பு, தலைக்கு மேற் கடன் ஆகியவற்றுடன் அவர்கள் எட்டு ஆண்டுகள் வண்டி செய்தனர். 1983 இல் அது மூடப்பட்டது. அதனைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. மூடப்பட வேண்டியது என்று உடைமையாளர் தீர்ப்பளித்த ஆலையைத் தொழிலாளர் எட்டாண்டுகள் இயக்கினர். அவ்வெட்டாண்டுகளும் ட்ரயம்ப் வண்டிக்குப் பாகங்கள் பிறந்துகொண்டிருந்தன.

இனி முதல் வினாவுக்கு வருவோம். பி.எஸ்.ஏ. ஆலை இடிக்கப்பட்டு அரை நூற்றாண்டாகின்றது. பன்ரம் வண்டிக்குப் பிஸ்ரன் இன்றும் கிடைக்கின்றது; கிளச்சுத் தட்டு, கம்பி, இறப்பர் வளையம் யாவும் கிடைக்கின்றன. இஃது எவ்வாறு?

முதற் காரணம், எல்லாப் பாகங்களையும் ஒரு கம்பனியே செய்யவில்லை என்பது. பேர்மிங்காமைச் சுற்றிய சிற்றூர்களிலும் தெருக்களிலும் பரவிக்கிடந்த நூற்றுக்கணக்கான பட்டறைகளின் உழைப்பே பி.எஸ்.ஏ. என்ற பெயரைத் தாங்கி நின்றது. மின்கருவி லூகஸ் செய்தது. காபுரேற்றர் அமால் செய்தது. வேகமானி ஸ்மித்ஸ் செய்தது. இவையே நோர்ட்டனுக்கும் ட்ரயம்புக்கும் சென்றன. ஆகவே ஒரு கம்பனி இறந்தபோது அதன் உறுப்புகள் அனைத்தும் ஒருங்கே இறக்கவில்லை. அமால் காபுரேற்றர் இன்றும் இங்கிலாந்திலே செய்யப்படுகின்றது. சுழலுருளைத் தாங்கிகளோ உலகப் பொது அளவினவாதலின் எந்த நல்ல கடையிலும் பெறத்தக்கவை.

இரண்டாவது காரணம், அவ்வியந்திரம் கண்ணாற் கண்டு கையால் அளந்து மறுபடி செய்யத்தக்கது என்பது. சிலிண்டர் தேய்ந்தால் அதனைச் சற்றே அகலக் கடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிய பிஸ்ரனை இடலாம். பின்னர் நாற்பது பங்கு பெரியதனை இடலாம். தேய்மானத்தை முன்னறிந்தே வகுக்கப்பட்ட அமைப்பு அது. வாங்கியவன் பழுதுபார்ப்பான் என்ற நம்பிக்கை அதனுள்ளே வார்க்கப்பட்டிருந்தது.

மூன்றாவது காரணம் மனிதர். ஆலை மூடியபின் பாகக் களஞ்சியங்களை வாங்கிய சிறு வணிகர், வேலையிழந்த கடைசற் தொழிலாளர், 1958 இல் அமைந்த பி.எஸ்.ஏ. உடைமையாளர் சங்கத்தினர் ஆகியோர் பாகநூல்களையும் எண்களையும் காத்துவைத்தனர். உதிரிப்பாகம் செய்துவந்த லெஸ் ஹரிஸ் என்பவர், 1985 முதல் 1988 வரை டெவன் மாகாணத்திலே ட்ரயம்ப் பொனவில் வண்டியை முழுமையாகவே செய்து விற்றார் என்பது இத்தொடர்பில் நோக்கத்தக்கது.

இவற்றிலிருந்து வாங்குபவர் அறியவேண்டியது யாது? எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் எந்த ஆண்டுக்கு, எந்த மாதிரிக்கு உரியன என்பதை முதலிலே நிச்சயித்தல் வேண்டும். பாகநூலைத் திறக்கும் திறவுகோல் அதுவே. அடுத்துத் திருகாணிகளை நோக்க வேண்டும். அக்கால இங்கிலாந்து வண்டியிலே விற்வேத் புரியும் சைக்கிள் புரியும் உண்டு. மில்லிமீற்றர் ஸ்பனர் அவற்றுக்குப் பொருந்தாது. முந்திய உடைமையாளர் பொருந்தாத ஆணியை வலிந்து முறுக்கியிருப்பின், உள்ளே இருக்கும் புரி சிதைந்திருக்கும். தேயும் பாகங்களின் குறைகண்டு அஞ்ச வேண்டியதில்லை, அவை கிடைக்கும். தேயாதவை என்று கருதப்பட்டவற்றையே கூர்ந்து பார்த்தல் வேண்டும். வெடித்த இயந்திரக்கூடு, உண்மையான எண்ணெய்த்தாங்கி, மட்காப்பு ஆகியன மீளச் செய்யப்படுவது அரிது. செய்யப்பட்டாலும் பல வேளைகளிற் சரிவரப் பொருந்துவதில்லை. மலிவான பிரதிப் பாகங்களில் மென்மையான உலோகம் கலந்தவையும் உண்டு. குறைவிலைக்கு வாங்கிய பற்சில்லு, வண்டியின் விலையையே விழுங்கிவிடலாம்.

பி.எஸ்.ஏ. போலன்றி வேறொரு வழியிலே உயிர்தப்பிய வண்டி றோயல் என்பீல்ட். அதன் தாயகம் பேர்மிங்காமுக்கு அணித்தாயுள்ள றெடிச். 1955 இல் சென்னையிலே மெட்ராஸ் மோட்டோர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து என்பீல்ட் இந்தியா அமைந்தது. திருவொற்றியூர் ஆலையிலே புல்லட் வண்டிகள் முதலிற் பூட்டப்பட்டன, சில ஆண்டுகளில் முழுமையாகவே செய்யப்பட்டன. 1967 இல் றெடிச் ஆலை மூடப்பட்டது. 1970 இல் இங்கிலாந்தின் எஞ்சிய வேலையும் நின்றது. திருவொற்றியூர் ஆலை நிற்கவில்லை. 1977 இல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. றெடிச்சில் 1950களிற் பிறந்த புல்லட்டை வைத்திருந்த ஆங்கிலேயர், அதற்கு வேண்டிய பல பாகங்களைத் தமிழ்த் தொழிலாளர் வார்த்துக் கடைந்தவையாகப் பெற்றனர். குடியேற்ற நாட்டுக்கு ஆளும் நாடு பொருள் அனுப்பும் என்ற பழைய விதி இங்கே தலைகீழாயிற்று.

பெயரும் இயந்திரமும் ஒன்றல்ல என்பதையும் வாங்குபவர் மறத்தலாகாது. பி.எஸ்.ஏ. என்ற பெயரை 2016 இல் இந்தியாவின் மஹிந்திரா குழுமத்தைச் சார்ந்த கிளசிக் லெஜெண்ட்ஸ் வாங்கியது. 2021 இல் புதிய கோல்ட் ஸ்ரார் வண்டி காட்சிக்கு வந்தது. அது வேறு வண்டி. பழைய கோல்ட் ஸ்ரார் வைத்திருப்பவர் அதன் களஞ்சியத்திலிருந்து ஓர் ஆணியும் பெறமுடியாது. சந்தையிலே பெயர் ஒருபுறமும், அச்சுகள் மற்றொருபுறமும், தொழிலாளி வேறொருபுறமுமாகப் பிரித்து விற்கப்படுகின்றன. இன்னொரு முரணும் உண்டு. தொழிலாளியின் வாகனமாயிருந்தவை இன்று வசதிபடைத்தோரின் சேகரிப்புப் பொருள்களாகி, அவற்றின் விலை உயர்ந்துள்ளது. அத்தேவையே பல பாகங்களைப் பிறப்பித்துக்கொண்டிருக்கின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இவ்வுண்மையை ஈழத்தவராகிய நாம் ஏட்டிலிருந்து அறியவேண்டியதில்லை. பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் ஆலையிலே 1950களிற் பிறந்தவை ஒஸ்ரின் ஏ40 கார்கள். ஒஸ்ரின் என்ற பெயரே 1987 இல் மறைந்துபோயிற்று. 1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது, அக்கார்கள் சிறிதளவு பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயிலே ஓடின. மோட்டார் சைக்கிள்களும் அவ்வாறே ஓடின. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் சுமந்தன. அவற்றை ஓடச் செய்தது எந்தக் கம்பனியின் உத்தரவாதமும் அன்று. நமது பட்டறைகளின் கடைசற் காரரும் இரும்பு வேலைக்காரரும் பெற்றிருந்த அறிவும், அவ்வறிவுக்கு இடங்கொடுத்த எளிய அமைப்புமே அவற்றை ஓடச் செய்தன.

இன்று விற்பனைக்கு வரும் வாகனங்களிலே இயந்திரத்தின் மூளை மூடிய மின்னணுப் பெட்டி ஒன்றினுள் இருக்கின்றது. அதனுள் எழுதப்பட்டிருப்பதை வாங்கியவரும் படிக்கமுடியாது, பட்டறைக்காரரும் படிக்கமுடியாது. அக்கம்பனி நாளை மூடப்பட்டால் அப்பெட்டியை எந்தக் கடைசல் இயந்திரத்திலே கடைவது? பன்ரத்தின் பிஸ்ரனைச் செய்தவர்கள் அதனை அளக்க முடிந்தமையாற் செய்தார்கள். அளக்கவியலாதபடி மறைக்கப்பட்ட பொருளை வாங்குபவர், பொருளை மட்டுமன்றித் தமது சார்புநிலையையும் சேர்த்தே வாங்குகின்றார்.

ஆதலின் நின்றுபோன கம்பனியின் வண்டியை வாங்குபவரை அறிவிலி என்று எள்ளுதல் பொருந்தாது. இதனைத் திறக்கலாமா, அளக்கலாமா, மறுபடி செய்யலாமா என்று அவர் கேட்கும் கேள்விகளைப் புதிய வண்டி வாங்குபவரும் கேட்டல் வேண்டும். ஆலையின் கதவை உடைமையாளர் மூடலாம். பல கைகளிலே பரவிய தொழிலறிவை மூடுவதற்கு அவர்களிடம் பூட்டு இல்லை. அத்தகைய பூட்டொன்றை இப்பொழுது அவர்கள் செய்துகொண்டிருக்கின்றார்கள் என்பதை உணர்வதும், அதனை எதிர்ப்பதும் நமது காலத்தின் கடமையாகும்.