ஒரு சொல்லைப் பிரிச்சுப் பார்த்தால்

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதற்குச் சொற்கள் வேண்டியிருந்தன. மாணவர்களோடு சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார். தமிழில் இருந்த சொற்களை எடுத்தார்கள். சிலவற்றுக்கு ஒலியையே தமிழாக்கினார்கள். அந்த வரிசையில் வந்த இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'.

இரண்டு வழியும் இன்றைக்கும் எங்கட பாடப்புத்தகங்களில இருக்கு. 'ஒளித்தொகுப்பு' முதல் வழி. 'காபனீரொட்சைட்டு' இரண்டும் கலந்தது: காபன், ஈர், ஒட்சைட்டு. 'ஈர்' என்றால் இரண்டு, ஈருருளியில வாற அதே 'ஈர்'. ஒரு காபனோட இரண்டு ஒட்சிசன். சொல்லுக்குள்ளேயே பாடம் இருக்கு.

சின்னப் பிள்ளையளைப் பத்துத்தரம் எழுதிப் பாடமாக்க வைக்கிறதை விட, இப்படிப் பிரிச்சுக் காட்டுவம். சொல் பிறந்த கதை தெரிஞ்ச பிள்ளைக்கு அறிவியல் அந்நியமாகாது.