அந்தப் புள்ளைய எங்க படுக்க வைக்கறது? – மாணவர் பரிமாற்றம் பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் ஓமலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வருவதற்கு முன்பே ஒரு தாள் வந்தது. அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவம் அது. மூன்று வாரம் ஜெர்மனி. ஓட்டல், விடுதி எதுவும் கிடையாது. அங்கே ஒரு குடும்பத்தோடு, அவர்கள் வீட்டிலேயே தங்க வேண்டும். பிறகு அந்த வீட்டுப் பெண் இங்கே வந்து அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்குவாள்.

அக்காவுக்கு இரண்டு கேள்விகள். "அங்க என்னத்தடா சோறு போடுவாங்க?" என்பது முதல் கேள்வி. இரண்டாவது, "அந்தப் புள்ள இங்க வந்தா எங்க படுக்க வைக்கறது?"

முதல் கேள்விக்கு எதையோ சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது கேள்வி ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் கூடவே வந்தது. இந்த ஏற்பாடு எங்கிருந்து தொடங்கியது, நம் ஆட்கள் அயல்நாட்டு வீடுகளில் எப்படித் தங்கினார்கள் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

மிகப் பழைய உதாரணம் ஒன்றிலிருந்து தொடங்கலாம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, 1714 அக்டோபரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிக்கொண்டு போனார். பேச்சுத்துணைக்கும் எழுத்து வேலைக்கும் தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமே. கடலில் மாதக்கணக்கில் போய், நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் இறங்கி, ஜெர்மனியின் ஹாலே நகரம் வரை போனார் மலையப்பன். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில்தான் அச்சானது. அதே ஆண்டு ஆகஸ்டில் தரங்கம்பாடி திரும்பிவிட்டார்கள்.

மலையப்பனை மாணவர் என்றும் சொல்லலாம், விருந்தாளி என்றும் சொல்லலாம், உதவியாளர் என்றும் சொல்லலாம். ஆனால் பரிமாற்றம் என்று சொல்ல முடியாது. ஹாலேயிலிருந்து ஒரு பையன் வந்து மலையப்பன் வீட்டுத் திண்ணையில் பாய் போட்டுப் படுக்கவில்லை. போனது ஒரு பக்கம் மட்டும்.

அடுத்த 200 ஆண்டுகளும் ஏறக்குறைய இதே கதைதான். படிக்கப் போனவர்கள் நம் ஆட்கள், வீடு அவர்களுடையது, காசு கொடுத்துத் தங்கினார்கள். பெரும்பாலும் வயிறுதான் கஷ்டப்பட்டது.

1888 செப்டம்பரில் லண்டனுக்குப் புறப்பட்ட காந்திக்கு இன்னும் 19 வயது முடியவில்லை. கடல் கடப்பது கூடாது என்று பம்பாயில் அவருடைய சாதிக்காரர்கள் கூட்டம் போட்டு அவரைத் தள்ளி வைத்தார்கள். அவருக்கு உதவுகிறவர்களுக்கும் வழியனுப்பப் போகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம்! லண்டனில் ஒரு விதவை அம்மாள் வீட்டில் தங்கினார். மாமிசம் தொடுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனவர். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மற்ற வேளைகளில் கீரையும் ரொட்டியும் ஜாமும். ரொட்டி இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்கக் கூச்சம். அந்த வீட்டுப் பெண்கள் இருவரும் இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவார்களாம். பல ஆண்டுகள் கழித்துச் சுயசரிதை எழுதும்போதும் அந்தப் பசியும் அந்த ஒரு துண்டு ரொட்டியும் அவருக்கு மறக்கவில்லை.

அடுத்தவர் நம் பக்கத்துத் தொடர்பு உள்ளவர். ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தவர்; குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கடல் கடக்க அவர் அம்மா சம்மதிக்கவில்லை. பிறகு நாமகிரித் தாயாரே கனவில் வந்து, பையன் போகிற வழியில் நிற்காதே என்று சொன்னதாகவும், அதன் பிறகே சம்மதித்ததாகவும் சொல்வார்கள். 1914 மார்ச் 17-இல் சென்னையிலிருந்து கப்பலேறினார். அதற்கு முன்பே குடுமி போய்விட்டது.

ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் போனதும் முதலில் தங்கியது, கணிதப் பேராசிரியர் நெவில் தம்பதி வீட்டில். ஜூன் வாக்கில் டிரினிடி கல்லூரி அறைக்கு மாறினார். வேலைக்கு அது வசதி. ஆனால் அதன் பிறகு அவர் தனி ஆள். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, நேரம் கெட்ட நேரத்தில் தூங்கி... 1917-இல் படுத்துவிட்டார். 1920-இல் சென்னையில் இறந்தபோது வயது 32.

ஒரு சின்னச் சம்பவம் அவர் வாழ்க்கை வரலாற்றில் வரும். கேம்பிரிட்ஜ் அறைக்கு இந்திய நண்பர்களை விருந்துக்கு அழைத்து, தானே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டவர்கள், மூன்றாம் முறை போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணோம்! வாடகை வண்டி பிடித்து ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய்விட்டார். சில நாள் கழித்துப் பணம் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. கணித மேதையின் கிறுக்குத்தனம் என்று இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நம் ஊரில் "போதும்" என்று சொன்னால் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்று கரண்டி வரும். அந்தச் சீமையில் அவரால் சொந்தமாக நடத்த முடிந்தது ஒரு சாப்பாட்டுப் பந்தி மட்டும்தான். அதையும் வேண்டாம் என்றால் மனசு என்ன ஆகும்?

வீட்டில் தங்குவதையே ஒரு படிப்பாக ஆக்கியவர் அமெரிக்கரான டொனால்ட் வாட். 1932-இல் அமெரிக்க மாணவர்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போனார். பல நாட்டுப் பையன்களை ஒரே முகாமில் போட்டால் பழகிக்கொள்வார்கள் என்று நினைத்தார். அவரவர் மொழிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார்கள். (நம் கல்லூரி விடுதிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.) ஆகவே முகாமை விட்டுவிட்டு, ஒரு பையனுக்கு ஒரு வீடு என்று மாற்றினார். வீட்டுக்குள் போனவன் அந்த மொழியில் உப்புக் கேட்டே ஆகவேண்டும். அந்த வீட்டுச் சண்டையையும் சமாதானத்தையும் பார்த்தே ஆகவேண்டும். 1934-இல் இப்படி ஜெர்மனிக்குப் போய் ஒரு குடும்பத்தோடு தங்கிய சார்ஜென்ட் ஷ்ரைவர்தான், பின்னால் 1961-இல் கென்னடி தொடங்கிய அமைதிப் படையின் முதல் இயக்குநர்.

இன்னொரு கிளை போர்க்களத்திலிருந்து முளைத்தது. முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களைச் சுமக்க 1915-இல் அமெரிக்கத் தொண்டர்கள் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். ஏ.எஃப்.எஸ் என்று அந்த அமைப்புக்குப் பெயர். இரண்டாம் போரில் இந்திய – பர்மா எல்லை வரைக்கும் வந்து ஓட்டினார்கள். போர் முடிந்ததும் இனி என்ன செய்வது என்று கூடிப் பேசி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வீடு மாற்றி வைப்பது என்று முடிவெடுத்தார்கள். 1947-இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்க வீடுகளுக்குப் போனார்கள். பிணமும் காயமும் தூக்கியவர்கள் யோசித்துக் கண்டுபிடித்த மருந்து இது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பிரான்சும் ஜெர்மனியும் இதை இன்னும் பெரிதாகச் செய்தன. 1870, 1914, 1939 என்று 70 ஆண்டுகளுக்குள் மூன்று முறை போர் செய்த நாடுகள் அவை. 1963 ஜனவரியில் நட்பு உடன்படிக்கை. அதே ஆண்டு ஜூலையில் இளைஞர் பரிமாற்றத்துக்கென்றே இரண்டு நாடுகளும் சேர்ந்து ஓர் அலுவலகம். இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியே போய் வந்திருக்கிறார்கள். எதிரியின் பிள்ளைக்குத் தன் வீட்டுக் கட்டிலைக் கொடுத்த அம்மாக்களை எண்ணிப் பாருங்கள். அண்ணனையோ கணவனையோ அந்தப் போரில் பறிகொடுத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்தானே?

நம் பக்கம் என்ன நிலைமை? 2018 மார்ச்சில் ஓமலூர் வட்டம் காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் மறுபடி விமானம் வந்து இறங்கியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தமிழக அரசுப் பள்ளி மாணவர்கள் 50 பேரைப் பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் அரசே அனுப்பியது. 2022-இல் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு ஒரு குழு போனது. விமானத்தையே அண்ணாந்து பார்த்த பிள்ளைகள் அதில் ஏறியது சாதாரண விஷயம் இல்லை, நிச்சயம் பாராட்ட வேண்டும். ஆனால் அவை கல்விச் சுற்றுலாக்கள். நாடு பார்த்தார்கள், அந்த நாட்டு வீட்டில் குடியிருக்கவில்லை.

வீட்டில் தங்கவைக்கும் திட்டங்களும் இந்தியப் பிள்ளைகளுக்கு இருக்கின்றன. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு 2002-இல் அமெரிக்க அரசு தொடங்கிய திட்டத்தில் தேர்வானால், ஒரு கல்வி ஆண்டு முழுக்க அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கலாம்; செலவு அவர்களுடையது. ஜப்பான் 2007-இல் அறிவித்த ஜெனெசிஸ் திட்டத்திலும் ஓரிரு நாளாவது வீட்டில் தங்குவது உண்டு. அமெரிக்கத் திட்டத்தில் தங்க வைக்கும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. வாடகை கொடுத்தால் அது லாட்ஜ். கொடுக்காமல் இருந்தால்தான் விருந்து.

இனி அக்காவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

விருந்தோம்பலில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். பொய் இல்லை. எங்கள் பக்கம் யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும், பிறகுதான் என்ன ஏது என்று விசாரிப்பு. வழிப்போக்கன் படுக்கத் திண்ணை கட்டிவைத்த ஊர் இது. ஆனால் திண்ணைக்கும் அடுப்படிக்கும் நடுவில் எத்தனை வாசற்படிகள்! யார் எந்தப் படி வரை வரலாம் என்பதற்கு எழுதாத கணக்கு ஒன்று இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு பெரிய அரசியலாகவே வெடித்தது. வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பல சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். தேசியக் கல்வி என்று காங்கிரஸ் கட்சியும் பணம் கொடுத்தது. ஆனால் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனிச் சாப்பாடு. விஷயம் வெளியே வந்ததும் பெரியாரும், ராசிபுரத்தில் பிறந்து சேலத்தில் பத்திரிகை நடத்திய டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கொதித்து எழுந்தார்கள். 1925 வரை நீண்ட அந்தச் சண்டை தமிழக அரசியலையே திருப்பிப் போட்டது. பாடம் ஒன்றுதான், பாய் ஒன்றுதான், கூரையும் ஒன்றுதான். பந்தி மட்டும் வேறு. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா ஏற்கெனவே பாதி முடிவுக்கு வந்திருந்தாள். முன் அறையைக் காலி பண்ணிக் கட்டில் போடலாம்; பாத்ரூமில் வெஸ்டர்ன் வைக்கக் கொத்தனாரிடம் விலை கேட்டாயிற்று; காரம் குறைத்துச் சமைக்கலாம். மகளை அனுப்பத்தான் பயமே தவிர, வருகிற பிள்ளையைப் பற்றிய கவலை ஓரளவு தீர்ந்திருந்தது.

அக்கா மகள் அதுவரை போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

"ஜெர்மனிக்காரி வந்தா கட்டில். என்கூடப் படிக்கிறவ ரெண்டு வருஷமா வர்றா, நோட்டு வாங்கிட்டு வெளியவே நின்னு தண்ணி குடிச்சுட்டுப் போறா. அவள ஏம்மா ஒரு நாள்கூட உள்ள கூப்பிடல?"

எந்தத் தெருப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தப் பிள்ளை வாசலில் நிற்பதை நானும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றவில்லையே.

அக்கா பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். படிவம் இன்னும் தினசரிக் காலண்டருக்குப் பின்னால் செருகியபடியே இருக்கிறது. கொடுக்கக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் இருக்கிறதாம்.