வினவல் பொறியில் அட்டவணை வரைவு: புதுச்சேரிச் சுவடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இயங்கும் பிரெஞ்சு நிறுவனம் 1955இல் ழான் பிலியோசாவால் தொடங்கப்பெற்றது. அங்கு 8,000க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுதியை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இத்தகைய தொகுதியைக் கணினியில் பட்டியலிட முனைவோர்க்கு எழும் வினாக்களைக் கொண்டு அட்டவணை வரைவின் இயல்பை ஆராய்வோம். இங்கு வரும் வரைவு விளக்கத்துக்காக நாம் அமைத்தது. அந்நிறுவனத்தின் பட்டியல் அன்று.

2. வரையறை

வினவல் பொறி என்பது கேள்வியைப் பெற்று, தரவில் தேடி, விடையை அட்டவணையாகத் தரும் மென்பொருள். நிரை என்பது ஒரு பொருளைப் பற்றிய ஒரு முழுக் கூற்று. நிரல் என்பது அக்கூற்றுகளுக்குப் பொதுவான ஒரு பண்பு. நிரல்களின் பெயர், மதிப்பு வகை, கட்டுப்பாடு ஆகியவற்றை அறிவிப்பது அட்டவணை வரைவு. கணினித் துறையார் ஸ்கீமா என வழங்குவது இதுவே. எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறை மாதிரியின் பயனும் இதில் அடங்கும்: தரவு வட்டில் எவ்வாறு கிடக்கிறது என்பதை அறியாதவரும் வரைவை அறிந்தால் கேள்வி கேட்கலாம்.

3. உறுப்புகள்

வரைவின் உறுப்புகள் மூன்று.

முதலாவது, நிரையின் அலகு. ஒரு கட்டில் பல நூல்கள் இருத்தல் உண்டு. ஆகவே கட்டுக்கு ஓர் அட்டவணையும் நூலுக்கு வேறோர் அட்டவணையும் வேண்டும். நூல் அட்டவணை, கட்டு அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோலாகக் கட்டின் எண்ணைத் தாங்கும்.

இரண்டாவது, நிரல். மொழியும் எழுத்தும் தனித்தனி நிரல்கள். இத்தொகுதியில் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருத நூல்கள். இரண்டையும் ஒரே நிரலில் இட்டால் இரண்டில் ஒன்றை மட்டும் தனியே கேட்பது கடினம்.

மூன்றாவது, மதிப்பு வகை. சுவடியின் இறுதியில் எழுதியவர் ‘சித்திரபானு’ என ஆண்டின் பெயரை மட்டும் குறித்திருப்பதாகக் கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1762-63, 1822-23, 1882-83 என எதுவும் ஆகலாம். இந்நிரலுக்குத் தேதி வகை பொருந்தாது. ஆண்டுப் பெயருக்கு எழுத்து வகை நிரல் ஒன்றும், ஊகித்த காலத்தின் கீழெல்லை, மேலெல்லைகளுக்கு எண் வகை நிரல்கள் இரண்டும் வேண்டும்.

4. வகைகள்

வரைவு எப்போது செயற்படுகிறது என்பதை ஒட்டி அது இருவகைப்படும்.

(அ) எழுதுகால வரைவு: போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் தரவு உள்ளே நுழையும்போதே சோதிக்கப்படும். தேதி நிரலில் ‘சித்திரபானு’ என இட்டால் பிழை காட்டி மறுக்கும்.

(ஆ) படிகால வரைவு: அப்பாச்சி ஹைவ் போன்றவற்றில் கோப்பு முன்னரே கிடக்கும், வரைவு படிக்கும்போதுதான் அதன்மேல் பொருத்தப்படும். உரைக்கோப்பில் பொருந்தாத மதிப்பைக் கண்டால் பொறி பெரும்பாலும் நிற்பதில்லை; மதிப்பு இல்லை எனக் குறிக்கும் வெறுமதிப்பை விடையாகத் தரும்.

கால நிரலுக்குத் தேதி வகை தந்திருந்தால் இங்கே ஓர் இடர் பிறக்கிறது. ஆண்டே குறிக்கப்படாத சுவடிக்கும் வெறுமதிப்பு. ஆண்டுப் பெயர் உள்ள சுவடிக்கும் வெறுமதிப்பு. ‘காலக்குறிப்பில்லாச் சுவடிகள் எத்தனை?’ என்ற கேள்விக்குப் பிழையான எண் வரும்; எச்சரிக்கை வராது.

5. நிலைகள்

கேள்வி விடையாகும் வரை நான்கு நிலைகள் உண்டு. பாகுபடுத்தலில் கேள்வியின் இலக்கணம் மட்டுமே நோக்கப்படும், வரைவு தேவையில்லை. சரிபார்ப்பில் ஒவ்வொரு பெயரும் வரைவோடு ஒப்பிடப்படும். ‘எழுத்து’ என்ற நிரல் இல்லையெனில் கேள்வி இங்கேயே நிற்கும். திட்டமிடலில், திறவுகோல், பிரிவு (தரவைக் கோப்புகளாகப் பகுத்த முறை) முதலிய அறிவிப்புகளைக் கொண்டு எந்தக் கோப்புகளைத் திறக்க வேண்டா என்று பொறி முடிவு செய்யும். நிறைவேற்றலில் மட்டுமே தரவு தொடப்படும். நான்கில் மூன்று நிலைகள் தரவைப் படிக்குமுன் முடிந்துவிடுகின்றன.

6. முடிபு

ஆகவே வரைவு பிழைத்தால், நல்ல தரவும் நல்ல பொறியும் கூடித் தவறான விடையைத் தரும். வரைவோர் நிரையின் அலகை முதலிலும், நிரல்களை அடுத்தும், வகைகளையும் கட்டுப்பாடுகளையும் இறுதியிலும் தீர்மானிக்க வேண்டும். ‘குறிக்கப்படவில்லை’, ‘படிக்க இயலவில்லை’ என்னும் இரண்டையும் வேறுபடுத்தத் தனி நிரல் இடவேண்டும். அவ்வேறுபாட்டை அறிந்தவர் சுவடியைப் படிப்பவரே. எனவே வரைவை அமைக்கும் பணியைக் கணினியாளரிடம் மட்டும் விட்டுவிடலாகாது.