நெட்டையனைப் பிடிக்கும் கால்கள்

மே மாதம் வந்தால் ஊரே கொடைக்கானல் மலையேறும். நான் அடிவாரத்திலேயே, பெரியகுளத்தில் நின்றுவிடுவேன். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்காக. சிறுவயதில் கேலரியில் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "நெட்டையனையே பாக்காத தம்பி. அவனைப் பிடிக்க நிக்கிறான் பாரு, அவன் காலைப் பாரு."

கூடைப்பந்தின் வரலாற்றை இந்த ஒரு வரியில் எழுதிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடையைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். அன்றிலிருந்து உயரமானவனை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. முதலில் சட்டம் பதில் சொன்னது. ஆறடி பத்தங்குல ஜார்ஜ் மைக்கனைக் கூடையிலிருந்து தள்ளிவைக்க, என்பிஏ 1951-இல் கூடையடிக் கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. வில்ட் சேம்பர்லின் காலத்தில், 1964-இல், அது 16 அடியானது.

ஆட்டக்காரனின் பதில் வேறு. சேம்பர்லினைவிட மூன்று அங்குலம் குட்டையான பில் ரஸ்ஸல், பந்து வந்தபின் எம்பித் தடுப்பதை மட்டும் நம்பவில்லை. அவர் விரும்பும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றுகொண்டார். ரஸ்ஸலின் அணி 13 பருவங்களில் 11 கோப்பை வென்றது. சேம்பர்லினுக்குக் கிடைத்தது இரண்டு.

2015 ஜூன் மாதம் இன்னும் விசேஷம். இறுதிச்சுற்றின் நான்காம் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் அணி தன் ஏழடி ஆளை உட்காரவைத்து, ஆறரை அடி டிரேமண்ட் கிரீனை நடுவில் நிறுத்தியது. எதிரணியின் ஏழடி மோஸ்கோவ் 28 புள்ளி எடுத்தார். ஆனால் அவர் அணி தோற்றது. அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடியது ஒன்பதே நிமிடம். அதே மாதக் கடைசியில்தான் பஞ்சாபின் ஏழடி இரண்டங்குல சத்னம் சிங்கை டல்லாஸ் அணி 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. நாம் இங்கே கொண்டாடினோம். அங்கே உயரத்தின் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. சத்னம் ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை.

இதை நான் வெறும் தகவலாகப் படிக்க முடியாததற்குக் காரணம் என் நண்பன். பள்ளி அணியில் அவன்தான் நெட்டை. "கூடைக்குக் கீழ நில்லு, கையைத் தூக்கு, போதும்" என்றே அவனை வளர்த்தார்கள். ஒரு தேர்வு முகாமில் எதிரணி ஸ்கிரீன் போட்டு அவனை வெளியே இழுத்தது. எதிரே குள்ளமான, வேகமான ஒரு பையன். இரண்டே அடி வைத்து இவனைக் கடந்துபோனான். திரும்பத் திரும்ப அதே கதை. அன்றிரவே பஸ் ஏறி ஊர் திரும்பியவன், அப்புறம் பந்தைத் தொடவில்லை.

அவனுக்குக் கையைத் தூக்கச் சொல்லிக்கொடுத்தோம். கால் வைக்க யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போதும் பெரியகுளத்து கேலரியில் உட்கார்ந்தால், யாராவது நெட்டையன் மைதானத்துக்குள் வந்ததும் பிள்ளைகள் கத்துவார்கள். நான் குனிந்து, கால்களைத்தான் பார்க்கிறேன்.