இம்பாஸ்டோ (ஓவியம்)

இம்பாஸ்டோ என்பது எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்யாமல், தூரிகை அல்லது கலவைக் கத்தியின் தடம் மேடுபள்ளமாகத் தெரியும்படி தடிப்பாகப் பூசும் ஓவிய முறையாகும். வெளிப்பாட்டுவாத ஓவியர் பலர் இதனைக் கையாண்டனர்.

இந்தியர்களுள் எப். என். சூசா (1924–2002) குறிப்பிடத்தக்கவர். கோவாவில் பிறந்து 1949இல் இலண்டன் சென்ற இவர், தம் நகரக் காட்சிகளில் சாய்ந்த கட்டடங்களைத் தடித்த கருங்கோடுகளால் அமைத்தார். 1965 அளவில் கறுப்பு நிறத்திலேயே சில ஓவியங்களைத் தீட்டினார். நிலக்காட்சிகளும் அவற்றுள் அடங்கும். நிற வேறுபாடு இன்மையால், பூச்சின் மேடுகளில் ஒளி படும்போதே உருவம் புலப்படுகிறது. எனவே அச்சுப் படங்களைக் கொண்டு இவற்றை மதிப்பிடுவது கடினம்.

தடித்த பூச்சின் மேற்பரப்பு முதலில் உலர்ந்துவிடும். உட்பகுதி காய நெடுங்காலம் ஆகும். இதனால் பிற்காலத்தில் சுருக்கங்களும் வெடிப்புகளும் தோன்றக்கூடும். மேடுகளுக்கு இடையில் படியும் தூசியை அகற்றுவதும் எளிதன்று.