கேமரன் மலை: தேயிலைத் தோட்டங்களைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

குளிர்காற்று, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சை, கையில் சூடான தேநீர்... படத்தைப் பார்த்ததும் "இந்த வாரக் கடைசியிலேயே கிளம்பிடலாமா?" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. பகாங்கின் கேமரன் மலையில் உங்கள் பணத்தைத் தின்பது தோட்டம் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாள்தான்.

எந்த நாள் நல்லது?

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் அறை வாடகை ஏறிவிடும். பிரிஞ்சாங், கியா ஃபார்ம் சந்தைப் பக்கம் வாகனங்கள் நகரவே நகராது. செவ்வாய் முதல் வியாழன் வரை போய்ப் பாருங்கள், அதே அறை மலிவாகக் கிடைக்கும். திங்கட்கிழமையை ஏன் விட்டுவிட்டோம்? 'போ' நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலை நிலையம் அன்று மூடியிருப்பது வழக்கம். அவ்வளவு தூரம் போய் கேட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டாமே!

கார் இல்லையா?

பரவாயில்லை. கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடி பஸ் உண்டு. நான்கைந்து மணி நேரப் பயணம். ஈப்போவிலிருந்து சுமார் 2 மணி நேரம். தாப்பா வழிச் சாலை வளைந்து வளைந்து ஏறும். தலைசுற்றல் வருபவர்கள் முன் இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

தங்குவதற்குத் தானா ராத்தாவே வசதி. பஸ் நிலையம், மலிவு விடுதிகள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. இரவில் குளிரும், ஒரு ஜாக்கெட் போதும். மழைக்கோட்டை மறக்காதீர்கள்.

எந்தத் தோட்டம்?

கேமரன் வேலி தேநீர்க் கடை, தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் போகும் பிரதான சாலையோரத்திலேயே இருக்கிறது. ஒரு கோப்பைத் தேநீரோடு பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டு உட்காரலாம். சுங்கை பாலாஸ் உள்ளே தள்ளி இருக்கிறது, அதன் வாசல்வரை பஸ் போகாது. நான்கு பேர் சேர்ந்து டாக்சி பிடித்தால் கட்டுப்படியாகும். தனியாக வந்தவர்களுக்கு விடுதிகள் ஏற்பாடு செய்யும் அரைநாள் சுற்றுலா சரி. ஆனால் ஸ்ட்ராபெரி, தேனீ, பட்டாம்பூச்சி என்று எல்லாப் பண்ணைக்கும் கூட்டிப்போகும் சுற்றுலா வேண்டாம். இரண்டாவதிலேயே சலித்துவிடும்.

காட்டுப் பாதைகளில் நடக்கக் காசு வேண்டாம், கவனம் வேண்டும். 1967 மார்ச்சில் இங்கே நடக்கப்போன தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் திரும்பவே இல்லை. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று விடுதியில் கேளுங்கள், எப்போது திரும்புவீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

படம் எடுக்கும்முன்...

'போ' தோட்டத்தை 1929இல் தொடங்கியவர் ஜே. ஏ. ரசல் என்ற ஆங்கிலேயர். இந்தச் சரிவுகளில் காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். உங்கள் தாத்தா பாட்டி தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களா? கிளம்பும்முன் அவர்களிடம் பேசிவிட்டுப் போங்கள். எந்த வழிகாட்டியும் சொல்லாத கதை கிடைக்கலாம், அதுவும் இலவசமாக! இன்று கொழுந்து வெட்டுபவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர். அவர்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். செடிகளுக்குள் புகுந்து போஸ் கொடுக்க வேண்டாம்.

தேயிலைத்தூள் பொட்டலங்களை மூட்டை கட்டவும் அவசரப்படாதீர்கள். அதில் பாதி உங்கள் ஊர் சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கும்.