பெரட்டுக்களம் மன்றமான கதை

ரோமாபுரியில் ‘ஃபோரம்’ என்றொரு சதுக்கம். சந்தை, நீதிமன்றம், பேச்சு மேடை எல்லாம் அதுவே. மக்காவில் குறைஷித் தலைவர்கள் ஆலோசிக்க ‘தாருந் நத்வா’ இருந்தது. நம் முன்னோர் மரத்தடியில் மன்றம் கூடினர்.

எனக்கோ பெரகலப் பக்கத்துத் தோட்டங்களின் பெரட்டுக்களம்தான் நினைவில் வரும். வாப்பாவின் துணிமூட்டையோடு சிறுவயதில் அங்கே நின்றிருக்கிறேன். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், விடியுமுன் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் அங்கே கூடுவார்களாம். பேசுவது துரையும் கங்காணியும். மற்றவர்கள் கேட்டுக் கலைவார்கள். கூட்டம் இருந்தது, மன்றம் இல்லை.

வெளியார் உள்ளே வந்து பேசவும் தடை. ஆனால் துணி வியாபாரிக்கு வழி உண்டு. அந்த வேடத்தில்தான் கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பார்கள். 1931இல் அவர் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அதை வழிநடத்தியவர்களில் நம்மவரான அப்துல் அஸீஸும் ஒருவர். 1947 தேர்தலில் தோட்டத்துக் குரல் பாராளுமன்றம் வரை போனது.

மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வாயை அடைத்தது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

கூடும் இடமெல்லாம் மன்றமாகாது. கடைசி வரிசையில் நிற்பவரும் வாய் திறக்கும்போதுதான் அது மன்றம்.